பீன்ஸ் தாச்சியும் பிரெஞ்சு றெஸ்ரோறன்றும்

ஜேர்மன்காரரோடு பேச்சைத் தொடங்க வழி தெரியாமல் நிற்கிற எம்மவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லுகிற உபாயம் ஒன்று உண்டு. பட் ஸ்பென்சர், ரெறன்ஸ் ஹில் என்ற இரண்டு பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். ஐம்பது வயது தாண்டியவர் என்றால் உடனே முஷ்டியை மடக்கிப் பக்கத்தில் நிற்பவரின் உச்சந்தலையில் மேலிருந்து கீழாக ஒரு குத்துப் போடுவதுபோல் பாவனை செய்து காட்டுவார். அதற்குப் பிறகு உங்கள் விசாவைப் பற்றியோ உங்கள் நாட்டின் காலநிலையைப் பற்றியோ கேட்கமாட்டார்.

இருவருமே ஜேர்மன்காரர் அல்லர். ஸ்பென்சரின் சொந்தப் பெயர் கார்லோ பெதர்சோலி. 1929 இல் நாப்போலியில் பிறந்தவர். 1952 இலும் 1956 இலும் ஒலிம்பிக்கில் இத்தாலிக்காக நீந்தியவர். 2016 இல் காலமானார். ஹில்லின் சொந்தப் பெயர் மாரியோ ஜிறோத்தி. தாய் ஜேர்மன்காரி. உலகப்போர்க் காலத்தில் சிறுவனாக ட்ரெஸ்டனுக்குக் கிட்ட வாழ்ந்தவர். ஆக, இரண்டு இத்தாலியர் அமெரிக்கப் பெயர்களை வைத்துக்கொண்டு, இத்தாலிய மலைகளில் அமெரிக்காவை நடித்து, ஜேர்மனியின் வீட்டுப்பிள்ளைகளானார்கள். பெயரை மாற்றிக்கொண்டு பிழைப்பது பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இவர்களுடைய பெயர் நிலைத்தது இரண்டு படங்களால். 1970 இல் வந்தது 'அவனை ட்ரினிற்றி என்று அழைத்தார்கள்'. 1971 இல் வந்தது 'இன்னமும் அவனை ட்ரினிற்றி என்றே அழைத்துவந்தார்கள்'. ஜேர்மன் மொழியில் முதலாவது 'சாத்தானின் வலக்கையும் இடக்கையும்', இரண்டாவது 'ஓர் அல்லேலூயாவுக்கு நான்கு முஷ்டிகள்'. இரண்டையும் எழுதி இயக்கியவர் என்சோ பார்போனி. படங்களில் ஈ. பி. குளச்சர் என்ற புனைபெயர் வரும். அவருக்கும் ஒரு மாற்றுப் பெயர்!

இரண்டாவது படம் முதலாவதைவிடப் பெரிய வசூலைப் பெற்றது. இங்கே தொலைக்காட்சியில் அடிக்கடி போடுவதும், பகிடி வசனங்களை மனப்பாடமாகச் சொல்லுகிறவர்கள் சொல்லுவதும் இரண்டாவதிலிருந்துதான். நான் வேலை செய்கிற சமையலறையில் இதைப்பற்றி வாக்கெடுப்பு வைத்தால் முதலாவது படத்துக்கு என் ஒரு வாக்கு மட்டுமே விழும். அந்த ஒரு வாக்குக்கான நியாயத்தையே இங்கு எழுதுகிறேன். இரண்டாவது படத்தில் சிரிப்பு கூட என்பதை நான் மறுக்கவில்லை. அந்தச் சிரிப்புக்கு யாரும் எதையும் கொடுக்கவில்லை என்பதுதான் என் குறை.

முதலாவது படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். ஒரு குதிரை தன்பாட்டில் நடந்து வருகிறது. அதன் பின்னால் இரண்டு தடிகளில் கட்டிய ஒரு படுக்கை நிலத்தில் இழுபட்டு வருகிறது. அதில் ஊத்தை படிந்த ஒருவன் படுத்துக் கிடக்கிறான். அவன்தான் கதாநாயகன். 1966 இல் கொர்புச்சி எடுத்த 'ஜாங்கோ' படத்தைப் பார்த்தவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். அதில் கதாநாயகன் சேற்றுக்குள்ளால் ஒரு சவப்பெட்டியை இழுத்துக்கொண்டு வருவான். அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் இதே பார்போனி. சவப்பெட்டியை இழுத்த கதாநாயகனைத் தன் கமெராவால் பார்த்தவர், நான்கு வருடங்களுக்குப் பிறகு கதாநாயகனையே பெட்டியின் இடத்தில் கிடத்திக் குதிரையை இழுக்க விட்டிருக்கிறார். லியோனேயும் கொர்புச்சியும் பிணங்களைக் குவித்துக்கொண்டிருந்த ஒரு வகைப் படத்துக்கு இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை யாரும் எழுத முடியாது.

அடுத்து அந்தப் பீன்ஸ் காட்சி. வழியோரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. ட்ரினிற்றி உள்ளே வருகிறான். உடுப்பைத் தட்டுகிறான், புழுதி கிளம்புகிறது. பீன்ஸ் கேட்கிறான். கடைக்காரர் கோப்பையில் போட்டுக் கொடுப்பதற்கு அவன் காத்திருக்கவில்லை. அடுப்பிலிருந்த தாச்சியையே தூக்கிக்கொண்டு மேசைக்குப் போய், மரக்கரண்டியால் அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறான். பாணைப் பிய்த்துத் தாச்சியின் அடியைத் துடைத்துச் சாப்பிடுகிறான். கமெரா அவசரப்படவில்லை. கடையிலிருக்கிற மற்ற எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மனிதன் சாப்பிடுவதைத் தவிர அங்கே வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் கண்ணை எடுக்க முடியாது.

பசியை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது பரிதாபமாகத் தெரியும். உள்ளிருந்து பார்த்தால் அதற்குள் ஒரு சந்தோசம் இருக்கிறது. கிடைத்துவிட்ட உணவின் முன்னால் வெட்கம், ஒழுங்கு, அடுத்தவர் பார்வை ஒன்றுமே நிற்காது. அகதி முகாமில் முதல் நாள் மத்தியானம் தந்த சாப்பாட்டை யார் யார் எப்படிச் சாப்பிட்டார்கள் என்பதை நாங்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பின் வகையைச் சேர்ந்தது இந்தக் காட்சி. சாப்பிட்டு முடித்து எழும்புகிறவன், அங்கே இரண்டு தலைவேட்டைக்காரரிடம் பிடிபட்டுக் காயத்தோடிருக்கிற ஒரு மெக்சிக்கனைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறான்.  அந்த மெக்சிக்கனைக் காப்பாற்றுகிறவன் நிறைந்த வயிற்றோடு அதைச் செய்கிறான் என்பதைப் பார்போனி அழுத்திச் சொல்லவில்லை, காட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

இரண்டாவது படமும் பீன்ஸோடுதான் தொடங்குகிறது. வெட்டவெளியில் நான்கு கள்ளர்கள் அடுப்பு மூட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பம்பினோ (அண்ணன், அதாவது ஸ்பென்சர்) வந்து அவர்களை ஏய்த்துவிட்டுப் போகிறான். சற்று நேரத்தில் தம்பி வந்து அதே நால்வரையும் மறுபடி ஏய்க்கிறான். நன்றாகக் கணக்குப் போட்டுச் செய்த பகிடி, நானும் சிரித்தேன். ஆனால் இங்கே சாப்பாடு என்பது பழைய படத்தை ஞாபகப்படுத்துகிற ஒரு அடையாளம் மட்டுமே. 'பீன்ஸ் காட்சி ஞாபகமிருக்கிறதா, இந்தாருங்கள் இன்னொன்று' என்று நீட்டுகிறார்கள். பசி என்பது அங்கே கிடையாது.

ஆட்கள் அதிகம் கொண்டாடுவது நடுவில் வருகிற பிரெஞ்சு றெஸ்ரோறன்ற் காட்சியைத்தான். சூதாட்டத்தில் வென்ற காசில் புது உடுப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு அண்ணனும் தம்பியும் பெரிய இடத்துக்குச் சாப்பிடப் போகிறார்கள். வெள்ளை மேசைவிரிப்பு, விறைப்பாக நிற்கிற கெல்னர்கள், சம்பெய்ன். இவர்களுக்கு எதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாது. இறைச்சியைக் கையால் பிய்த்துச் சாப்பிடுகிறார்கள். சுற்றியிருக்கிற கனவான்களும் சீமாட்டிகளும் திகைத்துப் பார்க்கிறார்கள். பரிமாறுகிறவர் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளப் படாத பாடு படுகிறார்.

இந்தக் காட்சியைப் பத்து வருடத்துக்கு மேலாக றெஸ்ரோறன்றில் வேலை செய்கிறவனின் கண்ணால் பார்க்கிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நடிகர்கள் இருவரும் அற்புதமாகச் செய்கிறார்கள். ஸ்பென்சரின் தாடை மட்டும் தனியாக ஒரு நடிகன். இருந்தும், யாரைப் பார்த்து யார் சிரிப்பதற்காக இது எடுக்கப்பட்டிருக்கிறது? முதலாவது படத்தில் தாச்சியோடு சாப்பிட்டவனை யாரும் கீழாகப் பார்க்க முடியவில்லை, அவன் எல்லோரையும் பார்வையாளர் ஆக்கிவிட்டான். இங்கே அதே வாயும் அதே கையும் நாகரிகம் தெரியாதவனின் வாயாகவும் கையாகவும் ஆகிவிடுகின்றன. பணக்காரரையும் சேர்த்துத்தானே படம் கேலி செய்கிறது என்று ஒரு நண்பர் வாதாடினார். கேலி செய்கிறதுதான். ஆனால் ஓய்வு நேரத்தில் கைத்தொலைபேசியில் இந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்த எங்கள் சமையலறையில் சிரிப்பு எழும்பியது கையால் சாப்பிடுகிற இடத்தில். எழும்பிய கையோடு இரண்டொரு கண்கள் என் பக்கமும் திரும்பின. சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடுகிறவன் அங்கே நான் ஒருவன்தான். கெட்ட எண்ணத்தோடு பார்த்தார்கள் என்று சொல்லமாட்டேன். பார்த்தார்கள், அவ்வளவுதான்.

மேசைக்கு மறுபக்கத்தில் நிற்கிற கெல்னரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் காட்சியில் உண்மையாக வேலை செய்து களைக்கிறவர் அவர் ஒருவரே. படம் அவருக்கு ஒரு முகபாவத்துக்கு மேல் எதையும் கொடுக்கவில்லை.

இரண்டு படங்களுக்குமிடையிலான வித்தியாசத்தை இன்னும் துலக்கமாகக் காட்டுவது ஆள்மாறாட்டம். முதலாவது படத்தில் தம்பி வந்து சேர்கிறபோது அண்ணன் ஒரு சிற்றூரின் ஷெரிப். உண்மையில் அவன் குதிரைக் கள்ளன். வழியில் அகப்பட்ட உண்மையான ஷெரிப்பைச் சுட்டுப்போட்டு, அந்தாளின் பட்டயத்தைத் தன் நெஞ்சில் குத்திக்கொண்டு இங்கே வந்து இருக்கிறான். தன் கூட்டாளிகள் வரும்வரைக்கும் சத்தமில்லாமல் இருக்கவேண்டும், அந்த ஊர் மேஜரின் குறிசுடாத குதிரைகளை ஓட்டிக்கொண்டு போகவேண்டும், இதுதான் திட்டம். அந்த நேரம் பார்த்துத் தம்பி வந்து நிற்கிறான். தம்பியைக் கண்டதும் பம்பினோவின் முகத்தில் வருகிற அந்த வெறுப்பை, அந்தக் களைப்பை, ஸ்பென்சரைத் தவிர யாராலும் செய்துகாட்ட முடியாது.

அந்த முகத்தை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கலாம். வேறொருவரின் கடவுச்சீட்டில் வந்து, வேறொருவரின் பெயரில் வேலைக்குப் போய், ஒருவருடைய கண்ணிலும் படாமல் நாட்களைக் கடத்திக்கொண்டிருக்கிற ஒருவனுடைய அறைக்கதவை ஊரிலிருந்து வந்த தம்பி தட்டினால் அந்த அண்ணனின் முகம் அப்படித்தான் இருக்கும். பாசம் இல்லாமலல்ல, பயம் பாசத்தை முந்திக்கொள்கிறது. பம்பினோ படம் முழுக்க உறுமிக்கொண்டு திரிவதன் காரணம் அவனுடைய சுபாவம் மட்டுமல்ல. நெஞ்சில் குத்தியிருக்கிற பட்டயம் அவனுடையதல்ல, அதன் சொந்தக்காரர் சாகவுமில்லை. கடைசியில் அந்தாள் ஊன்றுதடியோடு தேடிக்கொண்டு வந்தும்விடுகிறார்.

இரண்டாவது படத்தில் சகோதரர்களை யாரோ சமஷ்டி அரசாங்கத்தின் ஏஜன்டுகள் என்று பிழையாக நினைத்துக்கொள்கிறார்கள். இவர்கள் மறுக்கவில்லை. ஆயுதக் கடத்தல்காரன் பார்க்கர் இவர்களைப் பேசாமலிருக்கச் சொல்லிக் காசும் கொடுக்கிறான். பொய் அடையாளம் இங்கே வானத்திலிருந்து விழுகிற பரிசு. பிடிபட்டுவிடுவோம் என்ற பதற்றம் ஒரு நிமிடத்துக்கும் இல்லை, பதற்றம் இல்லாதபடியால் ஸ்பென்சருக்கு உறுமுவதற்குக் காரணமும் இல்லை. அவர் உறுமுகிறார், ஏனென்றால் முந்திய படத்தில் உறுமியவர்.

இனி மோர்மன்கள். முதலாவது படத்தின் முள்ளந்தண்டு அவர்கள்தான். ஒரு பள்ளத்தாக்கில் மோர்மன் குடும்பங்கள் குடியேறியிருக்கின்றன. மேஜர் ஹறிமனுக்கு (பார்லி கிறேஞ்சர்) அந்தப் புல்வெளி தன் குதிரைகளுக்கு வேண்டும். அடித்தும் வெருட்டியும் அவர்களை எழுப்பப் பார்க்கிறான். அவர்கள் ஆயுதம் எடுக்கமாட்டார்கள். மெஸ்கால் என்கிற மெக்சிக்கக் கொள்ளைக்காரன் வந்து கன்னத்தில் அறைந்தாலும் வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். சகோதரர்கள் இவர்களுக்கு அடிபடப் பழக்குகிறார்கள். குரோசாவாவின் 'ஏழு சாமுராய்கள்' (1954), அதைப் பார்த்து அமெரிக்கர் எடுத்த 'மக்னிபிசன்ற் செவன்' (1960) இரண்டினதும் கதையை எடுத்து, ஏழு பேரை இரண்டாக்கி, அந்த இரண்டு பேரையும் சோம்பேறியும் கள்ளனுமாக்கினால் கிடைப்பது இது.

வரலாறு இவ்வளவு மெதுமையானதல்ல என்பதையும் குறிப்பிடவேண்டும். உண்மையான மோர்மன்கள் துரத்தப்பட்டவர்கள்தான். 1838 இல் மிசூரி மாநிலத்தின் ஆளுநர் அவர்களை வெளியேற்றவேண்டும் அல்லது அழித்தொழிக்கவேண்டும் என்றே எழுத்தில் கட்டளையிட்டார். 1846 இல் இலினோயில் தாங்கள் கட்டிய நாவூ நகரையும் விட்டுக் கிளம்பி, 1847 இல் யூற்றாவின் உப்பு ஏரிப் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் அவர்களிடம் சொந்தமாக ஆயுதப்படை இருந்தது. 1857 இல் மவுண்டன் மெடோஸ் என்ற இடத்தில் அவர்களது படையாட்கள் நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளைக் கொன்றார்கள். துரத்தப்பட்டவர்கள் ஆயுதம் தூக்கினால் அது யார் பக்கம் திரும்பும் என்பதற்கு முன்கூட்டியே உத்தரவாதம் கிடையாது. எங்களுக்கு இது புதிய செய்தியல்ல. பார்போனி இதையெல்லாம் துடைத்துவிட்டுச் சாதுவான வெள்ளாடுகளாக மோர்மன்களைக் காட்டியிருக்கிறார். இது படத்தின் பலவீனம், வெறும் வசதிக்காகச் செய்தது.

கடைசிச் சண்டையும் அப்படித்தான். சமயத் தலைவர் தோபியாஸ் வேதாகமத்தைப் புரட்டிச் சண்டைக்கும் ஒரு காலம் உண்டு என்ற இடத்தைக் கண்டுபிடித்து முகம் மலர்கிறார். இரு பகுதியும் துப்பாக்கியில்லாமல் மோதுகின்றன. கை, கால், பலகை, கதிரை, இவ்வளவுதான் ஆயுதம். துப்பாக்கியை முதலில் கீழே வைத்துவிட்டு ஆரம்பிக்கிற யுத்தம் ஒன்றை நான் சினிமாவில் மட்டுமே பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தச் சண்டையை மனது பதைத்துக்கொண்டு பார்க்கிறோம். தோற்றால் அந்தச் சனம் வண்டில்களைக் கட்டிக்கொண்டு மறுபடி வெளிக்கிடவேண்டும் என்பது எமக்குத் தெரியும். ஸ்பென்சரின் ஒவ்வொரு குத்தும் ஒரு வீட்டுக் கூரையைக் காப்பாற்றுகிறது. அதனால்தான் சிரிக்கிறபோது தொண்டையில் ஏதோ அடைக்கிறது. பம்பினோ ஆசைப்பட்ட குதிரைகள்கூட முடிவில் மோர்மன்களின் குறி சுடப்பட்டு அவர்களிடமே போய்விடுகின்றன.

இரண்டாவது படத்தில் அந்த இடத்தை நிரப்ப வருவது ஒரு வண்டிலில் போகிற ஒற்றைக் குடும்பம். குழந்தைக்கு வயிற்றில் வாய்வு, மகள் அழகி. கொள்ளையடிக்கப் போன சகோதரர்கள் காசு கொடுத்துவிட்டு வருகிறார்கள். குழந்தையின் வாய்வு திரும்பத் திரும்பப் பகிடியாகிறது. இவர்கள் எங்கே போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்பது பற்றிப் படத்துக்கு அக்கறையில்லை. சண்டையோ ஒரு மடாலத்தில் நடக்கிறது. ஆயுதக் கடத்தல்காரர் அந்த மடத்தைப் பயன்படுத்துகிறார்கள், சகோதரர்கள் துறவி உடுப்புப் போட்டுக்கொள்கிறார்கள், ஒரு பணப்பையை றக்பிப் பந்துபோல ஆளுக்காள் எறிந்து பிடித்து ஓடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. தோற்றாலென்ன, வென்றாலென்ன? ஒரு பை, அதற்குள் காசு.

இரண்டாவது படத்தில் எனக்கு உண்மையாகப் பிடித்தது தாய் தகப்பன் வருகிற பகுதி. ஜோன் போர்ட்டின் படங்களில் நடித்த ஹரி கேரி ஜூனியர் தகப்பனாக வருகிறார். சாகக்கிடப்பதுபோல நடித்து, இரண்டு பிள்ளைகளும் ஒற்றுமையாக இருக்கவேண்டும், அண்ணன் தம்பிக்குத் தொழில் பழக்கிவிடவேண்டும் என்று சத்தியம் வாங்குகிறார். தொழில் என்றால் களவுத் தொழில்! அப்பாவின் மூச்சிரைப்பைத் தொலைபேசியில் கேட்டு, 'தம்பியை எப்படியும் கூப்பிட்டுவிடுகிறேன்' என்று சொல்லிவிட்டு, வட்டிக்குக் கடன் தேடி ஓடிய அண்ணன்மார் எங்களுக்குள் எத்தனை பேர். அந்தத் தகப்பன்மாரில் சிலர் அதற்குப் பிறகு இருபது வருடம் திடகாத்திரமாக வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இந்த ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் இரண்டாவது படம் முதலாவதைத் தாண்டியிருக்கும். ஆனால் சத்தியம் அடுத்த பகிடிக்கான சாவியாகப் பயன்பட்டுவிட்டுக் காணாமல் போகிறது. சூதாட்ட மேசைக் காட்சியும் குறை சொல்ல முடியாதது. எதிராளி துப்பாக்கியைத் தொடுமுன் ஹில் அவனுடைய கன்னத்தில் அறைந்துவிட்டுத் தன் துப்பாக்கியையும் எடுத்துக் காட்டுகிறார், பின் மறுபடியும் அறைகிறார். கவுண்டமணியிடம் செந்தில் வாங்கிய அடிகளோடு வளர்ந்த எம்மவர்க்கு இந்த அறையின் தாளம் உடனே பிடிபடும்.

ஜேர்மன் மொழியில் பார்க்கிறவர்களுக்கு ஒரு தகவல். இரண்டாவது படம் இங்கே 1972 இல் ஒருமுறை குரல்சேர்த்து வெளியிடப்பட்டது. 1982 இல் மூலத்தில் இல்லாத பகிடிகளை எல்லாம் வாயில் திணித்துப் புதிதாகக் குரல் சேர்த்து மறுபடி விட்டார்கள். என்னோடு வேலை செய்கிறவர்கள் மனப்பாடமாகச் சொல்லுகிற வசனங்களில் பல அந்தப் பிந்திய பதிப்புக்குரியவை. முடிந்தால் பழைய பதிப்பையோ இத்தாலிய மூலத்தையோ தேடிப் பாருங்கள். கதாபாத்திரங்கள் வாயை மூடிக்கொண்டிருக்கிற இடங்கள் அப்போதுதான் தெரியவரும், ஹில்லின் நடிப்பில் பாதி அந்த இடங்களில்தான் இருக்கிறது.

இந்த இணையர் கடைசியாகச் சேர்ந்து நடித்த படம் 1994 இல் வந்தது, ஹில் தானே இயக்கினார். பார்போனி 1995 இல் இளம் நடிகர்களை வைத்து ட்ரினிற்றி, பம்பினோ இருவரின் பிள்ளைகளைப் பற்றி ஒரு படம் எடுத்தார். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

முதலாவது படத்தைப் பார்க்கக் கிடைத்தால் முடிவுவரை பாருங்கள். சண்டை முடிந்துவிட்டது. மேஜர் போய்விட்டான். மோர்மன்கள் ட்ரினிற்றியைத் தங்களோடு இருக்கச் சொல்கிறார்கள். இரண்டு அழகான பெண்கள் வேறு காத்திருக்கிறார்கள். அவனும் இருந்துவிடலாமென்றுதான் நினைக்கிறான். அப்போது தோபியாஸ் மிகுந்த சந்தோசத்தோடு இனிமேல் செய்யவேண்டிய வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குகிறார். வேலை, அதற்குப் பிறகும் வேலை. ஹில்லின் நீலக்கண்கள் மெல்ல மெல்ல விரிகின்றன. அடுத்த காட்சியில் குதிரை நடக்கிறது, பின்னால் அந்தப் படுக்கை இழுபடுகிறது, அவன் கிடக்கிறான். பதினொரு மணிக்குக் கடைசிக் கோப்பையையும் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தால் இந்த இடம் இன்னும் நன்றாக இருக்கும்.